மார்கழியில் கெமராவுடன் கொழும்புக்கு: கோட்டையா, கொட்டாஞ்சேனையா, கொம்பனித்தெருவா, மாமி வீடா?

மார்கழி பிறந்தால் கல்யாணப் படம் எடுக்கிற எங்கள் தொழிலுக்கு விடுமுறை. கல்யாணம் இல்லை, பூப்புனித நீராட்டு விழா இல்லை, குடிபூரல் இல்லை. திருவருகைக் காலம் என்பதால் தேவாலயக் கல்யாணங்களும் குறைவு. மற்ற மாதங்களில் ஓமப் புகையிலும் வீடியோ லைட் வெளிச்சத்திலும் கண் எரிய நிற்கிற படக்காரனுக்குப் பஞ்சாங்கமே பார்த்துக் கொடுக்கிற லீவு இது. பொம்பிளை மாப்பிள்ளையை விட்டுவிட்டுத் தனக்காகப் படம் எடுக்க வருடத்தில் கிடைக்கிற ஒரே இடைவெளி.

அதனால் ஒவ்வொரு டிசம்பரும் எனக்கு இந்தக் கேள்வி வந்துவிடும். "அண்ணை, நாலு நாள் கொழும்புக்கு வாறன். பழைய துறைமுகப் பக்கம் எடுக்க வேணும். எங்க நிக்கிறது நல்லம்?" யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் கடைசியாகக் கேட்டது இது. மட்டக்களப்பிலிருந்து, சென்னையிலிருந்து, கனடாக் குளிருக்குப் பயந்து ஓடி வருகிறவர்களிடமிருந்து எல்லாம் வேறு வேறு தமிழில் இதே கேள்விதான். எங்கே படம் எடுப்பது என்று யாரும் கேட்பதில்லை, எங்கே தங்குவது என்றுதான் கேட்கிறார்கள். சரியான கேள்வி. காலை ஆறு மணிக்கு எந்தத் தெருவில் நிற்பீர்கள் என்பதை, முதல் நாள் இரவு எங்கே படுத்தீர்கள் என்பதுதான் முடிவு செய்கிறது.

## முதலில் ஒரு ஏமாற்றம்

துறைமுக நகரத்துக்கு வருகிறீர்கள், ஆனால் துறைமுகத்தைப் படம் எடுக்க முடியாது. இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

1344இல் மொரோக்கோப் பயணி இபன் பதூதா வந்தபோது 'கலன்பூ' என்று எழுதி, செரண்டீப்பின் (இலங்கையின்) அழகான பெரிய பட்டினங்களில் ஒன்று என்று குறித்தார். 1505இல் போர்த்துக்கேயர், 1656இல் ஒல்லாந்தர், 1796இல் ஆங்கிலேயர் என்று ஆள் மாறினாலும், நீராவிக் கப்பல்கள் வெகுகாலம் தெற்கே காலித் துறைமுகத்தில்தான் நின்றன. கொழும்பில் அலைதடுப்பு அணையின் வேலை 1875இல் தொடங்கி 1885இல் முடிந்த பிறகுதான் கப்பல்கள் இங்கே திரும்பின. அதற்குச் சில வருடங்கள் முன்னதாகவே, 1870ஐ ஒட்டி, கோட்டை மதில்களை இடித்தாயிற்று. ஆகவே காலியில்போல மதில்மேல் நடந்து கடலைப் பார்க்கிற வசதி இங்கே இல்லை. இருப்பது வேலை செய்கிற துறைமுகம்: சுவர், வாசல், காவல், கொள்கலன் லொறி. படம் எடுக்கத் தடை.

எனக்கு இது பட்டுத்தான் தெரியும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு சந்தியில் நின்று தெருமுடிவில் தெரிந்த பாரந்தூக்கிகளை நீண்ட லென்சால் இழுத்து எடுத்தேன். சீருடைக்காரர் ஒருவர் வந்தார். திட்டவில்லை. பக்கத்தில் நின்று, ஒவ்வொரு படமாக என்னைக்கொண்டே அழிப்பித்தார். அதே கார்டில் அதற்கு முதல் எடுத்திருந்த தேத்தண்ணிக் கடைக்காரரின் படமும் போய்விட்டது. இன்றைக்கும் அந்த ஒன்றுக்குத்தான் மனம் கிடந்து அடிக்கிறது.

அதற்குப் பிறகு என் வழி மாறியது. துறைமுகத்தை விட்டுவிட்டேன், துறைமுகம் கரையில் இறக்கிவிட்டவற்றைத் தேடுகிறேன். கணக்கப்பிள்ளைகளை கோட்டையில் இறக்கியது, வியாபாரிகளைப் புறக்கோட்டையில், சாமிகளையும் புனிதர்களையும் கொட்டாஞ்சேனையில், அடிமைகளையும் சிப்பாய்களையும் கொம்பனித்தெருவில். இவற்றில் உங்களுக்கு எது வேண்டும் என்பதைப் பொறுத்துத்தான் எங்கே தங்குவது என்ற பதிலும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது ஒளி. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் கொழும்பில் சூரியன் 6.15 அளவில் உதிக்கும், மாலை 6 மணியளவில் மறையும். பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் ஏறுவதும் இறங்குவதும் கிட்டத்தட்ட நேராக. எட்டு மணிக்கு மேல் வெயில் வெள்ளையடித்துவிடும், மாலையில் மறைந்து அரை மணிக்குள் இருட்டிவிடும். ஐரோப்பாவில் இருந்து வருகிறவர்கள் மணிக்கணக்கில் மஞ்சள் வெளிச்சம் கிடைக்கும் என்று நினைத்து இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள்.

இரண்டாவது மழை. ஒக்டோபர், நவம்பரின் பின்னேர இடிமழை டிசம்பரிலும் வால் நீட்டும், ஜனவரியில்தான் நன்றாகக் காயும். பெரும்பாலும் காலை தெளிவாக இருந்து, இரண்டு மூன்று மணிக்குக் கறுத்து வரும். ஆகவே நாலு நாளில் நாலு காலை நிச்சயம், மாலைகளில் இரண்டு கிடைத்தால் அதிர்ஷ்டம். தங்குமிடத்தை மாலைக் கடற்காற்றுக்காகத் தெரிவு செய்யாமல் காலைக்காகத் தெரிவு செய்யச் சொல்வது இதனால்தான்.

மூன்றாவது, கெமராவைத் தூக்க விடுவார்களா என்பது. நாலாவது, விலைப்பட்டியலில் இல்லாத செலவு. ஐந்தாவது கிழமை. ஞாயிற்றுக்கிழமைக் கோட்டையும் திங்கட்கிழமைக் கோட்டையும் ஒரே ஊர் இல்லை.

## கோட்டையில் தங்கினால்

பழைய கட்டடம்தான் வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட நெருக்கமான இடம் கிடையாது. சதாம் வீதியில் மணிக்கூடும் வெளிச்சவீடும் ஒன்றாக நிற்கிற அந்த விசித்திரம்: 1857இல் மணிக்கூட்டுக் கோபுரமாகக் கட்டி, 1867இல் மேலே விளக்கையும் வைத்தார்கள். சுற்றிக் கட்டடங்கள் எழும்பிக் கடலை மறைக்க, 1952இல் கரையோரத்தில் புது வெளிச்சவீடு வந்தது. இப்போது வீதி நடுவில் கடலே தெரியாமல் நிற்கிற வெளிச்சவீடு அது. யோர்க் வீதியில் 1906இல் எழுந்த கார்கில்ஸின் செந்நிறக் கட்டடம், 17ஆம் நூற்றாண்டு ஒல்லாந்தர் மருத்துவமனை (2011இலிருந்து கடைகளும் உணவகங்களும்), பிரிஸ்டல் வீதியில் ஒரு வங்கி வளவுக்குள் ஒதுங்கிக் கிடக்கிற, ஒல்லாந்தர் கோட்டையின் டெல்ஃப்ட் வாசலின் மிச்சம். எல்லாம் நடை தூரம்.

ஞாயிறு காலை இங்கே நின்றால் வீதி முழுக்க உங்களுடையது. வாகனம் இல்லை, கம்பி வேலி விற்கிற லொறி இல்லை, தூண்களின் வரிசையில் வெளிச்சம் சரிந்து விழும். ஆனால் ஆளும் இல்லை. 1996 ஜனவரி 31 மத்திய வங்கிக் குண்டுவெடிப்புக்குப் பிறகு கோட்டையின் வீதிகள் பல நீண்டகாலம் மூடிக் கிடந்தன, வியாபாரமும் குடியிருப்பும் வேறு பக்கம் போய்விட்டன. இன்றைக்கும் ஐந்து மணிக்கு அலுவலகம் விட்டால் தெரு வெறிச்சோடிவிடும். மனிதமுகம் தேடுகிறவர் இங்கே இரண்டாம் நாளே சலித்துப்போவார்.

அனுமதி விஷயத்தில் இதுதான் நாலிலும் கடினம். ஜனாதிபதி மாளிகை, மத்திய வங்கி, துறைமுக வாசல் எல்லாம் ஒன்றுக்கொன்று பக்கத்தில். முக்காலியை விரித்தால் இரண்டு நிமிடத்தில் ஆள் வந்துவிடும். கையில் சின்ன கெமரா, 35 மில்லிமீற்றர் லென்ஸ், சிரித்த முகம் இருந்தால் தப்பலாம். ட்ரோனைப் பெட்டியோடு வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

மறைசெலவுகளில் முதலாவது ஹோட்டல் பில். காட்டுகிற விலைக்கு மேலே 10 வீத சேவைக் கட்டணமும் வரிகளும் ஏறும். இலங்கையர் என்றால் உள்நாட்டு விலையைக் கேட்டு வாங்குங்கள், ஆள் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். அப்புறம் அந்தத் 'துறைமுகக் காட்சி அறை'. ஒரு தடவை கூடுதலாகக் காசு கொடுத்து எடுத்தேன். திறக்க முடியாத ஜன்னல், வெளிப்பக்கம் உப்புப் படிந்த கண்ணாடி. அதனூடாக எடுத்த படத்தில் கொழும்புத் துறைமுகம் லண்டன் மூடுபனியில் நின்றது. மூன்றாவது குளிரூட்டி. குளிர் அறையிலிருந்து நேரே வெளியே வந்தால் லென்சில் ஆவி படியும், அரை மணி நேரம் ஒன்றும் தெரியாது. ஐந்தரைக்கே எழுந்து பையை நடைபாதையில் திறந்து வைக்க வேண்டும். அல்லது இரவு முழுக்க மின்விசிறியோடு படுங்கள். கொடுத்த காசுக்கு அது எரிச்சல்தான்.

## கொட்டாஞ்சேனையில் தங்கினால்

என் சார்பு எந்தப் பக்கம் என்று ஒளிக்கவில்லை. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, ஜிந்துப்பிட்டி, ஜம்பட்டா வீதி எல்லாம் துறைமுகச் சுவருக்கு வெளியே, அதற்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிற தெருக்கள். வீட்டுக் கூரைக்கு மேலே பாரந்தூக்கிகளின் கழுத்து தெரியும். அதைக் குறிவைத்து எடுக்காதீர்கள். தெருவில் பால் போத்தலோடு போகிற பிள்ளைக்குப் பின்னால் அது தானாகவே வந்து நிற்கும், அந்த அளவு போதும்.

1897 ஜனவரி 15இல் விவேகானந்தர் அமெரிக்காவும் ஐரோப்பாவும் சுற்றித் திரும்பும்போது கப்பலிலிருந்து இறங்கியது கொழும்பில்தான். இந்தப் பக்கத்து மேடு ஒன்றுக்கு இன்றைக்கும் விவேகானந்த மேடு என்று பெயர். ஒல்லாந்தர் 1749இல் தொடங்கி 1757இல் முடித்த வுல்பெண்டால் தேவாலயம் நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. சுவரின் தடிப்பு ஏறக்குறைய ஐந்து அடி. உள்ளே தரையெல்லாம் ஒல்லாந்தக் கல்லறைக் கற்கள், எழுத்தும் குலச்சின்னமும் செதுக்கியவை. மழை நாளில் அந்தச் சாளர வெளிச்சம் ஒன்றே போதும். உள்ளே பார்த்துக்கொள்கிறவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள், காணிக்கைப் பெட்டியில் ஏதாவது போடுங்கள். சாந்த லூசியா பேராலயத்தின் கும்மட்டம் காலையில் தெருக்கள் பலவற்றிலிருந்து எட்டிப் பார்க்கும்.

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமையில் போங்கள். சைவர், பௌத்தர், கத்தோலிக்கர் என்று பிரிக்க முடியாத கூட்டம். மெழுகுதிரிக் கடை, பூக்கடை, தெருவோர வடை. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பில் இங்கே பலியானவர்களுக்கு வளவில் நினைவுச்சின்னம் இருக்கிறது. வாசலில் பையைத் திறந்து காட்ட வேண்டியிருக்கும், பெரிய பையோடு போகாதீர்கள். அழுதுகொண்டு நிற்கிற ஒருவரைப் படம் எடுக்க உரிமை இருக்கிறதா என்று என்னிடம் கேட்கிறார்கள். உரிமை என்ன உரிமை, அந்த இடத்தில் கெமரா கீழே இறங்கிவிட வேண்டும்.

அடுத்து பொன்னம்பலவாணேசர் கோயில். பொன்னம்பல முதலியார் கட்டியதை, மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முழுக்கக் கருங்கல்லில் திரும்ப எழுப்பினார். மார்கழியில் திருவெம்பாவைக் காலம். விடியமுன் பூசை, ஈரக்கால் படிந்த கல் தரை, எண்ணெய் விளக்கு. உள்ளே படம் எடுக்கலாமா என்ற கேள்வியை ஐயரிடமும் நிர்வாகத்திடமும் கேட்க வேண்டும், இல்லை என்றால் இல்லைதான். திருவாதிரை சில வருடம் டிசம்பர் கடைசியிலும் சில வருடம் ஜனவரியிலும் வரும், நாள் குறிக்கும் முன் பஞ்சாங்கம் பாருங்கள்.

இந்தப் பகுதியின் பெரிய லாபம் ஆட்கள். டிசம்பர் 15க்குப் பிறகு வீட்டு வாசலெல்லாம் நட்சத்திரக் கூடு, ஒழுங்கை மூலையில் இளைஞர் கூடிப் பாலன் குடில் கட்டுவார்கள். பக்கத்து வீட்டு அம்மா மார்கழிக் கோலம் போட்டுக்கொண்டிருப்பார். தமிழில் வாய் திறந்து "அம்மா, ஒரு படம் எடுக்கட்டா?" என்றால் பாதிப்பேர் சம்மதிப்பார்கள், கால்வாசிப்பேர் உள்ளே கூப்பிட்டுக் கேக் தருவார்கள். மிச்சக் கால்வாசி முறைப்பார்கள், அவர்களுக்கும் அவர்கள் காரணம் இருக்கும். வெளியூர்க்காரர் வந்து 'தோட்டம்' என்கிற நெருக்கமான வரிசை வீடுகளின் வறுமையை எடுத்துக்கொண்டு போவதை இவர்கள் நிறையக் கண்டவர்கள்.

மறைசெலவு இங்கேயும் உண்டு. லொட்ஜ் மலிவு, ஆனால் மலிவுக்கு ஏற்றபடி நுளம்பு, விடிய விடியக் கொள்கலன் லொறிச் சத்தம், நாலரைக்குக் கோயில் மணி, ஐந்துக்குப் பள்ளிவாசல் பாங்கு. நித்திரை குறையும். (படக்காரனுக்கு அது அலாரம், கூட வந்த மனைவிக்கு அது விவாகரத்துக் காரணம்.) படிகளில் ஏறி இறங்கி அலைவதால் சுமை குறைந்த பை வேண்டும். அதோடு நான் கட்டாயம் என்று நினைக்கிற ஒரு செலவு: எடுத்த படங்களில் இருபதை மறுநாளே ஒரு ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு உரியவர்களிடம் கொண்டுபோய்க் கொடுப்பது. இரண்டாவது தடவை போகும்போது அந்த ஒழுங்கையில் உங்கள் பெயர் தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது, கணக்கில் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வயதான சிலருக்குக் கொட்டாஞ்சேனை லொட்ஜ் என்ற சொல்லே வயிற்றைக் கலக்கும். யுத்தகாலத்தில் பொலிஸ் பதிவுத் துண்டோடு இங்கே காத்துக் கிடந்தவர்கள், 2007 ஜூனில் இரவோடிரவாக பஸ்களில் ஏற்றிக் கொழும்பை விட்டு அனுப்பப்பட்டவர்கள் எங்கள் குடும்பங்களில் இருக்கிறார்கள். அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருவதானால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அறை எடுங்கள்.

## யாரும் தங்காத புறக்கோட்டை

புறக்கோட்டையில் மலிவான அறைகள் உண்டு. தங்கச் சொல்ல மாட்டேன், இரவில் ஜன்னலுக்கு வெளியே பஸ் நிலையம்தான். ஆனால் கோட்டையில் தங்கினாலும் கொட்டாஞ்சேனையில் தங்கினாலும் நடந்தே வரலாம், ஒரு முழு நாள் இதற்குக் கொடுத்தே ஆகவேண்டும்.

நாலாம், ஐந்தாம் குறுக்குத் தெருக்களில் வெங்காயம், பருப்பு, கருவாடு மொத்த வியாபாரம். நாட்டாமிகள் (சுமைதூக்கிகள்) கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் வேகத்தில் நடுவில் நின்று ஃபோகஸ் பார்த்தால் முழங்கால் போய்விடும். சுவரோடு ஒட்டி நில்லுங்கள். இரண்டாம் குறுக்குத் தெருவில் 1909இல் கட்டி முடிந்த சிவப்பு வெள்ளைச் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல். தெரு ஒடுக்கம், அகல லென்ஸ் போட்டாலும் கோபுரம் சாய்ந்துதான் வரும். முழுதாக எடுக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டு, கீழே சாரம் விற்பவரின் தலைக்கு மேலே கோடுகள் வரும்படி ஒரு துண்டை எடுங்கள். வெள்ளி மதியம் தொழுகை நேரத்தில் வாசலை மறிக்காதீர்கள். 1923இல் பம்பாய்ப் பார்சிக் குடும்பம் ஒன்று தகப்பன் நினைவாக எழுப்பிய கான் மணிக்கூட்டுக் கோபுரத்தைத் தாண்டினால் உள்ளே வந்துவிட்டீர்கள். கபோஸ் லேனில் மூலிகை மூட்டைகள், செட்டியார் தெருவில் நகைக்கடைகளும் பழைய கதிரேசன், புதிய கதிரேசன் கோயில்களும். நகைக்கடைக் கண்ணாடிக்குள் கெமராவை நீட்டினால் காவலாளிக்குப் பிடிக்காது.

ஞாயிறு பெரும்பாலான மொத்தக் கடைகள் பூட்டு. கிறிஸ்மசுக்கு முதல் இரண்டு மூன்று நாள் எதிர்மாறு, நடைபாதை வியாபாரமும் சனமும் சேர்ந்து கெமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகக் கை தூக்க இடமிருக்காது. பிக்பொக்கற்காரருக்கும் அது பண்டிகைதான். பழைய மரக்கறிச் சந்தையைத் தேடாதீர்கள், மெனிங் சந்தை 2020இல் பேலியகொடைக்குப் போய்விட்டது.

## கொம்பனித்தெருவும் காலிமுகத்திடலும்

ஆங்கிலத்தில் இதற்கு வெகுகாலம் அடிமைத்தீவு என்றுதான் பெயர். ஒல்லாந்தர் தங்கள் அடிமைகளை இரவில் அடைத்த இடம். பிறகு மலாய்ச் சிப்பாய்களின் குடியிருப்பு. நாங்கள் தமிழில் எப்போதும் கொம்பனித்தெரு என்றே சொல்லி வந்தோம்.

இங்கே தங்கச் சொல்வதற்கு ஒரு வலுவான காரணம் உண்டு: போய்க்கொண்டிருக்கிற ஒன்றைப் போவதற்கு முதல் எடுக்கலாம். மரப்பலகணி வைத்த பழைய வரிசைக் கடைகளில் பல ஏற்கெனவே இடிந்தாயிற்று, மிஞ்சியவற்றின் தலைக்கு மேலே கண்ணாடி மாடிகள். வேக்கந்தைப் பள்ளிவாசல், கியூ வீதி முருகன் கோயில் கோபுரம், பேர வாவி, பின்னால் 350 மீற்றர் தாமரைக் கோபுரம் எல்லாம் ஒரே சட்டகத்துக்குள் இடித்து நெருக்கும். 2022 செப்டெம்பரிலிருந்து அந்தக் கோபுரத்தில் டிக்கட் எடுத்து ஏறலாம். துறைமுகத்தை முழுதாகக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் அதன் மேலே போவதுதான் நேரான வழி. கொள்கலன்கள் பிள்ளைகள் அடுக்கிய கட்டைபோலக் கிடக்கும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு டிக்கட் விலை வேறு என்பதைக் கணக்கில் சேருங்கள்.

மாலைக்குக் காலிமுகத்திடல். ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் அமைத்தது. பட்டம், குதிரை, இஸ்ஸோ வடை (இறால் வடை), கடலைப் பார்த்தபடி குடைக்குள் காதலர். டிசம்பரில் சூரியன் நேர் மேற்கைவிட்டு இடதுபக்கம் தள்ளித் தென்மேற்கில் இறங்கும். வலதுபக்கம் முன்னே கடலாக இருந்த இடத்தில் இப்போது 'துறைமுக நகரம்' (போர்ட் சிட்டி) என்ற புதுத் திட்டத்தின் 269 ஹெக்டயர் நிலம். பழைய படங்களோடு ஒப்பிட விரும்புகிறவர்களுக்கு இது நல்ல சாட்சி. மற்றபடி ஆயிரம் பேர் எடுத்த சூரிய அஸ்தமனத்தை ஆயிரத்தோராவது ஆளாக எடுப்பீர்கள், அவ்வளவுதான். கல்யாண அல்பத்துக்கு அங்கே எத்தனை தடவை போயிருப்போம்!

செலவு நடுத்தரம் என்று தோன்றும். ஆனால் காலை புறக்கோட்டைக்கு ஒரு ஆட்டோ, மதியம் திரும்ப ஒன்று, மாலை திடலுக்கு ஒன்று என்று நாளுக்கு மூன்று நாலு சவாரி சேரும். செயலியில் கூப்பிட்டால் விலை தெரியும், கெமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வீதியில் கை காட்டினால் சுற்றுலாப் பயணி விலை. முறையான படப்பிடிப்புபோல ஆள், விளக்கு, குடை எல்லாம் கொண்டுபோனால் பொது இடங்களில் கட்டணமும் அனுமதியும் கேட்பார்கள்.

## வெள்ளவத்தை மாமி வீடு

எங்களில் முக்கால்வாசிப் பேரின் உண்மையான தெரிவு இதுதான், ஆகவே வெட்கப்படாமல் எழுதுகிறேன். அறைக்காசு இல்லை. காலையில் இடியப்பமும் சொதியும். உடுப்புத் தோய்த்துக் கிடைக்கும். வீட்டைவிட்டு இரண்டு நிமிடம் நடந்தால் தண்டவாளம், அதைத் தாண்டினால் கடல்.

கணக்கு இப்படிப் போகும். கோட்டை ஏழெட்டுக் கிலோமீற்றர். விடியற்காலை 100 அல்லது 101 பஸ்ஸில் அரை மணிக்குள் புறக்கோட்டை, அலுவலக நேரத்தில் அது ஒரு மணித்தியாலம். அதற்கு ஐந்து மணிக்கு வீட்டைவிட்டு வெளிக்கிட வேண்டும். கதவுச் சாவி மாமாவிடம். நீங்கள் எழும்பினால் மாமி எழும்புவார், மாமி எழும்பினால் தேத்தண்ணி வரும், தேத்தண்ணி குடிக்காமல் போக முடியாது, "வெறும் வயித்தோட எங்க போறாய்?" என்று பாணும் சம்பலும் வரும். ஆறே முக்கால். சூரியன் போய்விட்டது. இரவு எட்டுக்குள் திரும்பாவிட்டால் யாழ்ப்பாணத்துக்கு போன் போகும். மூன்றாம் நாள் "கெமரா கொண்டுவந்தனிதானே, பிள்ளைக்கு ஒரு பாஸ்போட் படம் எடன்" என்பார்கள். நாலாம் நாள் ஒன்றுவிட்ட பெரியப்பா வீட்டுச் சாப்பாடு.

காசு மிச்சம்தான், ஆனால் நாலு காலையில் இரண்டைக் கொடுத்து வாங்குகிற மிச்சம். குடும்பத்தோடு வருகிறவர், பிள்ளைகள் உள்ளவர், வாரக்கணக்கில் தங்குகிறவர் இதையே எடுக்கலாம். கோட்டைக்கு ரயிலில் போனால் பாதையெல்லாம் கடலை ஒட்டித்தான், கதவோரம் நிற்பவர்களின் நிழலுருவப் படம் ஒன்று இலவசமாகக் கிடைக்கும்.

## ஒரு பார்வையில்

| | கோட்டை | கொட்டாஞ்சேனை | கொம்பனித்தெரு | வெள்ளவத்தை |
|---|---|---|---|---|
| காலை 6 மணிக்குக் கிடைப்பது | வெறும் தெரு, தூண், வளைவு | கோயில், தேவாலயம், வாசல் முகங்கள் | வாவி, பழசும் புதுசும் | கடல், தண்டவாளம் |
| கெமராவுக்கு அனுமதி | கடினம் | கேட்டால் கிடைக்கும் | பரவாயில்லை | தொல்லை இல்லை |
| மழைக்கு ஒதுங்க | மருத்துவமனைத் தாழ்வாரம் | வுல்பெண்டால் | தாமரைக் கோபுரம் (முகில் இருந்தால் வீண்) | மாமி வீடு |
| அறைச் செலவு | அதிகம் | குறைவு | நடுத்தரம் | இல்லை |
| சொல்லாத செலவு | சேவைக் கட்டணம், வரி, லென்சில் ஆவி | நித்திரை, பிரிண்ட் | ஆட்டோ | காலை நேரம் |
| நல்ல நாள் | ஞாயிறு | செவ்வாய், கிறிஸ்மஸ் வாரம் | எந்த நாளும் | போயா, கிறிஸ்மஸ் தினம் |

கடைசி வரிக்கு ஒரு விளக்கம். டிசம்பரில் உந்துவப் போயா என்ற பௌர்ணமி விடுமுறை ஒன்று வரும். அன்றைக்கும் 25ஆம் திகதியும் கடை, சாப்பாடு எல்லாம் ஒழுங்காகக் கிடைக்காது. அந்த நாளை உறவினர் வீட்டுக்கு ஒதுக்கினால் இரண்டு கடனும் தீரும்.

## காலிக்கு ஒரு நாள் ஓடலாமா?

இதுவும் கேட்கிறார்கள். 1988இல் உலக மரபுரிமையான காலிக் கோட்டையில் மதில் இருக்கிறது, மதில்மேல் நடக்கலாம், கடலைப் பார்த்து எவ்வளவும் எடுக்கலாம். ஆனால் டிசம்பர் அங்கே உச்ச பருவம், அறை விலை ஏறியிருக்கும், போய்வரவே அரை நாள் போகும். காலை வெளிச்சம் வேண்டுமென்றால் அங்கேயே ஒரு இரவு தங்க வேண்டும். நாலு நாள் பயணத்தில் வேண்டாம், ஆறு நாள் என்றால் சரி.

மழை பிடித்துக்கொண்ட மதியத்துக்குக் காலியையே கொழும்பில் பார்க்க ஒரு வழி உண்டு. சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்து நாட்டிய மும்மொழிக் கல்வெட்டு 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டு, இப்போது கொழும்புத் தேசிய நூதனசாலையில் நிற்கிறது. சீனம், பாரசீகம், தமிழ். தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனார் என்ற தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. அறுநூறு வருடத்துக்கு முதல் இந்தக் கரைக்கு வந்த கப்பல்காரன் தமிழில் எழுதினால்தான் காரியம் நடக்கும் என்று நினைத்திருக்கிறான். பாதுகாப்புக் கண்ணாடியில் உங்கள் முகம் விழாமல் எடுப்பதுதான் சவால்.

## அப்போ எது?

முதல் தடவை வருகிறவர், கட்டடக்கலையில் ஆர்வம், ஆளோடு பேசக் கூச்சம் என்றால் கோட்டை. ஆனால் சனி இரவு மட்டும், ஞாயிறு காலை முடிய அறையை விடுங்கள். நாலு இரவுக்கும் அந்தக் காசைக் கொட்ட அங்கே விஷயம் இல்லை.

நகரம் மாறுவதை வருடா வருடம் பதிவு செய்கிற நெடுநாள் திட்டம் இருந்தால் கொம்பனித்தெரு. ஒரே மூலையில் ஒரே உயரத்தில் நின்று எடுங்கள், அடுத்த மார்கழிக்கு அதே இடத்தில் பக்கத்துக் கட்டடம் இருக்காது. குடும்பத்தோடு என்றால் வெள்ளவத்தை, முதல் நாளே மாமாவிடம் சாவியை வாங்கி வைத்துவிட்டால் பாதிச் சண்டை முடிந்தது.

மற்ற எல்லோருக்கும் கொட்டாஞ்சேனைதான். அந்த யாழ்ப்பாணத் தம்பிக்கும் அதையே சொன்னேன். சனி ஒரு இரவு கோட்டை, ஞாயிறு பத்து மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு, திங்கள் முழுக்கப் புறக்கோட்டை, செவ்வாய் அந்தோனியார் கோயில், அன்றிரவு ரயில். கொண்டுவர வேண்டியவை: ஒரு கெமரா, 35, 85 இரண்டு லென்ஸ், மழைக்கு ஒரு ஷொப்பிங் பை, நுளம்புத்திரி, அடையாள அட்டை. முக்காலி வேண்டாம் என்றேன், கேட்கவில்லை, கொண்டுவந்தார். ஞாயிறு காலை 6.20க்கு எனக்குப் போன் வந்தது. "அண்ணை, ஒருத்தர் வந்து நிக்கிறார், என்ன சொல்ல?"